பேர் சொல்லாம வெட்டற காசு

அந்தத் தொப்பிய எடுத்துப் பைக்குள்ள வெச்சிடேன் பாப்பா. கோவிச்சிக்காத. வெள்ளத் தொப்பியப் பாத்தா எனக்கு வயிறு எரியும். மஞ்சத் தொப்பின்னா ஒண்ணுமில்ல, அது எங்காளுங்க போடறது. வெள்ள, இஞ்சினியருங்க போடறது. நீ இஞ்சினியரா? இப்பத்தான் சேந்திருக்கியா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, இன்னும் வெயிலு படல. ஜன்னலோரம் நீயே உக்காரு. நான் திண்டிவனத்துல எறங்கிடுவேன்.

காலுல இடிக்குதா? இரு, பைய இந்தப் பக்கம் தள்ளிக்கறேன். உளியும் சுத்தியும் இருக்கு உள்ள, அதான் கனம். எங்க வூட்டுக்காரரோடது. கொத்தனாரு அவரு. கலியமூர்த்தின்னா எங்க பக்கத்து ஆளுங்களுக்கெல்லாம் தெரியும், பூச்சு வேலையில அவர அடிச்சிக்க ஆளு இல்ல. நான் அவருக்குச் சித்தாளு. கலவ போட்டு எடுத்துக் குடுக்கறது நான்தான். வேற பொம்பள எடுத்துக் குடுத்தா அவருக்குக் கை ஓடாது. செத்துப்போயி வருசம் திரும்பிடுச்சி, போன வாரந்தான் தெவசம் குடுத்தோம்.

உளிய எங்க எடுத்துக்கினு போறன்னு கேக்கறியா? காசு வெட்டிப் போட. பட்டணத்துப் பொண்ணு, உனக்குத் தெரியாது. எங்க ஊரு ஏரிக்கரையில அங்காளம்மா இருக்கா. அவ எதிருல ஒரு கல்லு கெடக்கும். அநியாயத்த அனுபவிச்சவங்க அமாவாசையில போயி, தலையோட குளிச்சி, ஈரப்பொடவையோட அந்தக் கல்லு மேல காச வெச்சி ரெண்டா வெட்டுவாங்க. வெட்டினா செஞ்சவன் வம்சம் வெளங்காது. பங்காளிச் சண்ட, வரப்புச் சண்டைக்கெல்லாம் எவனும் வெட்ட மாட்டான், பயப்படுவான். ஏன்னா வெட்டின காச ஒட்ட வெக்க முடியாது. அய்யோ தெரியாம வெட்டிட்டேன் தாயீன்னு போயி அழுதாலும் அவ கேக்க மாட்டா. இன்னிக்கி அமாவாச.

யாருக்கா? உன்னாட்டம் ஒரு வெள்ளத் தொப்பிக்குத்தான். நிரஞ்சன்னு பேரு. நல்ல பேரு வெச்சிருக்காங்க பெத்தவங்க.

ஊரப்பாக்கத்துக்கு உள்ள அடுக்குமாடி கட்டிக்கினு இருந்தோம். எங்களுக்கு மேஸ்திரி யாருன்ற? என் தம்பி சக்கரபாணி. கூடப் பொறந்தவன். எங்கம்மா சாகறப்ப நடக்கத் தெரியாத புள்ள, என் இடுப்புலயே கெடந்தான். நான் சோறு ஊட்டி வளத்தேன், எங்க வூட்டுக்காரரு கரண்டி புடிக்கக் கத்துக் குடுத்தாரு. கத்துக் குடுத்தவரு கொத்தனாராவே இருந்துட்டாரு, கத்துக்கினவன் மேஸ்திரி ஆயிட்டான். அவன் கெட்டிக்காரன். பத்து ஆளு வேலைய ஆறு ஆள வெச்சி முடிப்பான். மணலு இல்லன்னா மணலு வரும், கம்பி இல்லன்னா கம்பி வரும். எங்கேருந்து வந்துச்சின்னு கேக்கக் கூடாது, வந்துடும்.

அந்த இஞ்சினியரு இருக்கானே, அவனுக்கு வாயில ஒரே சொல்லுதான். நாளைக்கி. நாளைக்கி தளம் போடணும், நாளைக்கி முடிக்கணும். அவனுக்கு மேல இருக்கறவன் போன்ல திட்டுவான், இவன் கீழ வந்து என் தம்பியத் திட்டுவான். ஒரு நாளு நான் கேக்கவே சொல்றான், முடியலன்னா சொல்லு மேஸ்திரி, வேற ஆளு காத்துக்கினு இருக்கான்னு. என் தம்பி சோத்துத் தட்டுல கைய வெச்சிக்கினு அப்படியே உக்காந்திருப்பான். தலைய வலிக்குதுன்னு மாத்திர முழுங்குவான். பொண்டாட்டி பரிமளா போன் பண்ணா எரிஞ்சி வுழுவான். இவனுக்குக் கண்ணு செவந்து கெடந்தா அந்த இஞ்சினியருக்கும் செவந்துதான் கெடந்துச்சி, இல்லன்னு சொல்லல. அவனுக்குச் செவந்தா எனக்கு என்ன?

வுழாம இடுப்புல கட்டற பெல்ட்டா? இருந்துச்சி. ஆபீஸ் ரூம்புல ஆணியில மாட்டி இருந்துச்சி. பெரியவங்க காருல வர்ற அன்னிக்கி எல்லாருக்கும் ஆளுக்கொண்ணு குடுப்பாங்க, கல்யாணத்துல பொன்னாட போத்தற மாதிரி. காரு போனதும் திருப்பி வாங்கி மாட்டிடுவாங்க. புதுசு கெடக்கூடாது பாரு.

நாலாம் மாடிக்குப் பின்பக்கச் செவுரு பூசிக்கினு இருந்தாரு எங்க வூட்டுக்காரரு. வெளிய சாரம் கட்டி நடபலக போட்டிருக்கும், அதுல நின்னுதான் பூசணும். அதே சமயம் மேல அஞ்சாவது தளம் போட எல்லாம் ரெடி. கம்பி கட்டியாச்சி, முட்டு குடுத்தாச்சி. கடசியில ஓரத்துல அடிக்கப் பலக பத்தல. கலவ ஓரமா வழிஞ்சி வுழாம சுத்தி அடிப்பாங்க இல்ல, அந்தப் பலக. உனக்குத்தான் தெரியுமே, நீ இஞ்சினியரு. என் தம்பி சாயங்காலம் வரைக்கும் கேட்டுப் பாத்தான், பலக வரல. அந்த நிரஞ்சன் நிக்கறான், நாளைக்கி காலையில தளம் போட்டே ஆவணும், எங்கயாவது பாத்து எடுத்து அடிங்க, எனக்குத் தெரியாதுன்னுட்டு வண்டி ஏறிப் போயிட்டான்.

ஆனா என் தம்பி வுடல. நாங்க கொட்டாயிக்கு வந்து சோறாக்கறோம், அதுக்குள்ள ஆளுங்கள வெச்சி எங்கேருந்தோ பொரட்டி, சுத்தி அடிச்சே முடிச்சிட்டான். பாத்தியா, அவன் நெனச்சா முடியாதது இல்ல. சாப்புடக் கூப்புட்டா வரல. படுத்தவன் அசந்து தூங்கிட்டான்.

மறுநாளு எங்க வூட்டுக்காரரு வெடிஞ்சதும் கெளம்பிட்டாரு. வெயிலு ஏறறதுக்குள்ள மிச்சத்தப் பூசிட்டா, அப்பறம் தளம் போடக் கூடமாட நிக்கலாம்னு. நான் கீழ கலவ போட்டுக்கினு இருக்கேன். அப்பப் பாத்து என் தம்பி கொட்டாயிலேருந்து எழுந்து ஓடியாறான். தலை கலஞ்சி கெடக்கு, சட்ட இல்ல. மாமா எங்கக்கா, மாமா எங்கன்னு கத்திக்கினே வரான். மேல போயிட்டாருடா, இன்னாடான்றேன். அவன் படிப்பக்கம் ஓடறான். ரத்த பந்தம்னா பாத்துக்க. கெட்டது நடக்கப் போவுதுன்னு அவன் மனசுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியல, கட்டின பொண்டாட்டிக்கு.

அவன் படி ஏறறதுக்குள்ள சத்தம் கேட்டுச்சி. சிமிட்டி மூட்டையத் தூக்கிப் போட்ட மாதிரி. எவன்டா அவன் மூட்டையப் போட்டு ஒடைக்கறதுன்னு திட்டிக்கினே திரும்பினேன் பாப்பா. என் வாயால அவரத் திட்டினதுதான் அவரு காதுல கடசியா வுழுந்துச்சோ இன்னமோ.

நடபலக ரெண்டு இல்ல. முந்தின நாளு பொழுதோட நின்னு பூசின எடம் அது. ஜன்னலுக்கு வுட்ட ஓட்ட வழியா கால வெளிய வெச்சா பலக இருக்கணும். கையில கலவச் சட்டி இருக்கு, வெளிய பச்ச வல கட்டி மசமசன்னு கெடக்கு. தெனமும் கால வெக்கற எடத்த எவன் குனிஞ்சி பாப்பான்? உங்க வூட்டு வாசப்படிய நீ குனிஞ்சி பாத்தா எறங்கற?

அந்த வெள்ளத் தொப்பி வந்தான். வந்து இன்னா சொன்னான் தெரியுமா? பெல்ட்டு போட்டிருக்கணுமேன்னான். அதோட வுட்டானா? பலக நேத்து இருந்துச்சி, நானே பாத்தேன், யாரோ எடுத்திருக்காங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றான். எங்காளுங்க மேல பழியத் தூக்கிப் போடறான். அவன் ஏறிப் பாத்தானாம். சொல்லிக்கினு திரியறான், பலகைக்குக் காலு மொளச்சி நடந்து போன மாதிரி.

என் தம்பி பட்ட பாட்ட மட்டும் கேக்காத. பொணத்து மேல வுழுந்து பொரண்டான். பொண்டாட்டி எனக்கே அவ்வளவு அழுக வரல. என் காலக் கட்டிக்கினு, எல்லாம் என்னாலதான்க்கா, நான்தான்க்கா காரணம்னு மடார்மடார்னு தரையில முட்டிக்கிறான். ஏன்டா அப்படிச் சொல்ற, வேலைக்குக் கூட்டியாந்தது ஒரு குத்தமாடான்னு நான் அவனத் தேத்தினேன். நான் தாலி அறுத்தவ, நான் அவனத் தேத்தறேன். அவ்வளவு எளகின மனசு.

கருமாதி முடிஞ்சி நான் திரும்ப அதே வேலைக்குப் போனேன். ஊரே காறித் துப்புச்சி, புருசன முழுங்கின எடத்துக்கே போறாளேன்னு. நான் எதுக்குப் போனேன்னு எனக்குத்தான் தெரியும். தளம் இன்னும் போடல. சாவு நடந்ததால நிறுத்தி வெச்சிருந்தாங்க. அதுக்காகத்தான் போனேன்.

தளம் போடறதுன்னா உனக்குப் புஸ்தகத்துல இருக்கும். எங்களுக்குக் கையில இருக்கு. ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தக் கூடாது. ஒரே மூச்சுல முடிக்கணும். பாதியில நின்னா போட்டது இறுகிடும், புதுசா போடறது ஒட்டாது, அந்தக் கோட்டு வழியா காலத்துக்கும் தண்ணி எறங்கும். அதனாலதான் அன்னிக்கி மட்டும் எங்களுக்கு மரியாத. காலையில பூச, தேங்கா, வெத்தல பாக்கு. மத்தியானம் பிரியாணி. அன்னிக்கி ஒரு நாளு சித்தாளப் பாத்து இஞ்சினியரு, சாப்டீங்களா அக்காம்பான்.

மேல ஏறி நின்னேன். சட்டிய கைமாத்தி வுடறதுக்கு வரிசையா பொம்பளைங்க. நான் ஓரத்துல, பலகைய ஒட்டி நின்னேன். குனிஞ்சா, அந்த ஓரப்பலகையில பூச்சுக் கலவ தெறிச்சி காஞ்சி கெடக்கு. எங்க வூட்டுக்காரரு பூசறப்ப மணிக்கட்ட ஒரு சுழட்டு சுழட்டுவாரு, வழிஞ்சி வுழறது பொட்டு வெச்சாப்புல ஒரு பக்கமா வுழும். அதே மாதிரி இருக்கேன்னு தொட்டுப் பாத்தேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சி. கண்ண எங்க வெச்சாலும் செத்தவரு தெரியறாருன்னு நெனச்சிக்கினேன். என் தம்பி எங்கேருந்தோ ஓடியாந்து கையப் புடிச்சி இழுத்தான். அத வுடுக்கா, தொடாதக்கான்னு. நான் அழுதா அவனுக்குத் தாங்காது.

இன்னா பாப்பா, அப்படிப் பாக்கற? தண்ணி குடிக்கிறியா? சரி கேளு.

பாதி தளம் போட்டாச்சி. மிசினு ஓடுது, கலவ வந்துக்கினே இருக்கு. அப்பத்தான் சட்டிய கீழ வெச்சிட்டு உக்காந்தேன். இன்னாக்கான்னு பக்கத்துல இருந்தவ கேட்டா. உக்காருடின்னேன். என்ன நல்லாப் பாத்தா, உக்காந்தா. அவளுக்குப் பின்னால அடுத்தவ. கடசி வரைக்கும் உக்காந்துட்டாளுங்க. நான் யாரையும் தூண்டிவுடல. எல்லாருக்கும் புருசன் சாரத்துலதான் நிக்கறான்.

பாக்கணுமே அந்த நிரஞ்சன் மூஞ்சிய. எழுந்திரிங்க அக்கா, எழுந்திரிங்க அக்கான்னான். மொதல்ல மெரட்டினான். அப்பறம் கையக் கும்புட்டான். அப்பறம் தொப்பியக் கழட்டிப் போட்டுட்டு அவனே சட்டியத் தூக்கிக்கினு ஓடினான், நாலு சட்டி கொட்டறதுக்குள்ள மூச்சு வாங்குது. கலவ கண்ணு முன்னால இறுகுது. தொட்டா கையில ஒட்டல. அவன் உக்காந்து சின்னப் புள்ளையாட்டம் அழுதான். எனக்கு அன்னிக்கிதான் பாப்பா, அவரு போனதுக்கப்பறம் மொதோ மொதோ சோறு எறங்கிச்சி. அவங்க வாங்கி வெச்ச பிரியாணிய உக்காந்து நல்லாத் தின்னேன்.

போட்ட பாதிய ஒடச்சித் தள்ளினாங்க. எங்க எல்லாருக்கும் வேல போச்சி, என் தம்பிக்கு மேஸ்திரித்தனமும் போச்சி. அது போவட்டும். அந்த நிரஞ்சன வேலைய வுட்டுத் தொரத்தினாங்க பாரு, அது போதும். பைய வண்டியில கட்டிக்கினு கேட்டாண்ட வந்தான். நான் தெருமண்ண ரெண்டு கையாலயும் வாரித் தூத்தினேன். நீ நாசமாப் போவேன்னேன். அவன் மூஞ்சியத் தொடச்சிக்கினு நின்னான்.

பலகைய நான் எடுக்கச் சொல்லல அக்கான்னான். எங்கயாவது எடுத்து அடிங்கன்னேன், அது என் தப்புதான், ஆனா சாரத்துல எடுக்கச் சொல்லலன்னான். சொல்லிட்டு என்னப் பாக்கல, எனக்குப் பின்னால நின்ன என் தம்பியப் பாத்தான். என் தம்பி தலையக் குனிஞ்சிக்கினான். பெரிய மனுசன் மூஞ்சியில மண்ணு வுழுந்தா யாருக்குத்தான் கூச்சமா இருக்காது? அந்த நிரஞ்சன் ஒண்ணுமில்லக்கான்னு வண்டிய எடுத்தான். பொய்யி பாதியிலயே நின்னுடுச்சி பாரு, முழுசா வரல வாயில.

அதோட நானும் வுட்டிருப்பேன். போன வாரம், தெவசத்துக்குச் சாமான் வாங்கப் போறேன், வண்டலூருக்கு இந்தாண்ட ஒரு கட்டடம் எழும்புது. வாசல்ல அந்த நிரஞ்சன் நின்னு எவன்கிட்டயோ சிரிச்சிப் பேசிக்கினு இருக்கான். தலையில வெள்ளத் தொப்பி. அதே தொப்பி. அவன் சிரிக்கறான் பாப்பா. ஒரு வேல போனா ஒரு வேல கெடைக்குது அவனுக்கு. எனக்குப் போனது திரும்பக் கெடைக்குமா? அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

என் தம்பிக்குத்தான் புடிக்கல. வேணாம்க்கா, காசு வெட்டறதெல்லாம் வேணாம்க்கான்னு காலப் புடிச்சான். அவரு போன நாளா அவன் சாரத்துல கால வெக்கறது இல்ல. ஊருலயே மாடு கன்னு பாத்துக்கினு கெடக்கான். மாசா மாசம் எனக்கு அரிசி மூட்டைய எடுத்தாந்து வாசல்ல எறக்குவான், உள்ள வரமாட்டான். என் கண்ணப் பாத்துப் பேசமாட்டான். அவரு படம் செவுத்துல மாட்டியிருக்கு, அதப் பாக்க முடியலயாம். இந்தக் காலத்துல எவன் இருக்கான் இப்படி, மாமன் மேல பாசமா?

அவனுக்கும் சாமி கண்ணத் தொறந்துட்டா. கல்யாணமாயி இத்தன வருசமா இல்லாத புள்ள, இப்பத்தான் தங்கி இருக்கு. அவரு போன மூணாம் மாசம் பரிமளா முழுவாம இருக்கான்னு சேதி வந்துச்சி. எங்க வூட்டுக்காரரேதான் வந்து பொறக்கப் போறாருன்னு நான் சொல்லிட்டேன். இதே அங்காளம்மாவுக்குத்தான் நான் வேண்டிக்கினு மண்சோறு தின்னேன், இவளுக்கு ஒரு புள்ளையக் குடு தாயீன்னு. இது எந்த நேரமும் பொறக்கற நேரம். இந்தப் பைக்குள்ளயே பழஞ்சேல கிழிச்சி மடிச்சி வெச்சிருக்கேன் பாரு, புள்ளையச் சுத்தறதுக்கு.

இன்னா கேட்ட? எப்படிச் சொல்லி வெட்டுவேன்னா?

அதுலதான் என் தம்பிக்கும் எனக்கும் வாக்குவாதம். நான் கேக்கலன்னு தெரிஞ்சதும், சரிக்கா, வெட்டறதுன்னா அந்த இஞ்சினியரு பேரச் சொல்லி வெட்டு, நிரஞ்சன்னு சொல்லியே வெட்டு, பொதுவாச் சொல்லி வெட்டிடாதன்னு நூறு தரம் சொன்னான். நான் யோசிச்சிப் பாத்தேன். பேரு சொன்னா அவன் ஒருத்தனோட போயிடும். அவனுக்கு மேல போன்ல திட்டினவன் இருக்கான், பெல்ட்ட ஆணியில மாட்டினவன் இருக்கான், பலகையக் கழட்டினவன், தூக்கினவன்னு இன்னும் எத்தன பேரோ. எல்லாரும் தப்பிச்சிக்கறதா? அதனால பேரு சொல்லப் போறதில்ல. "எவன் கை அந்தப் பலகையில பட்டுச்சோ, அவன் வம்சம் தழைக்கக் கூடாது. அவன் வூட்டுல தொட்டிலு ஆடக்கூடாது." இப்படித்தான் சொல்லப் போறேன். மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன்.

இன்னா பாப்பா நீயும்? நீயும் என் தம்பியாட்டமே சொல்ற, பேரச் சொல்லி வெட்டுங்கன்னு. உனக்கு ஏன் கண்ணு கலங்குது? வெள்ளத் தொப்பிக்காரி இல்ல, உங்காளுக்கு வலிக்குமேன்னு பாக்கற. இல்லையா? வேற இன்னா? சொல்ல வந்தத முழுங்காம சொல்லேன். நீயும் அந்த நிரஞ்சனாட்டம் பாதியிலயே நிறுத்தற.

இரு, போனு அடிக்குது. தம்பிதான், ஆயுசு நூறு. சொல்றா. எப்பயிலேருந்து? சரி சரி. அழுவாதடா, ஆம்பள புள்ள. அதெல்லாம் நல்லபடியா ஆவும். வரேன், வரேன் வெய்யி.

பரிமளாவுக்கு வலி எடுத்துடுச்சாம். திண்டிவனம் ஆஸ்பத்திரியில உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். கோயிலுக்குப் போவாதக்கா, நேரா இங்க வந்துடுக்கான்னு தேம்பித் தேம்பி அழுவறான். பாரேன், இன்னிக்கின்னு பாத்து. அங்காளம்மா காது குடுத்து கேக்கறான்னு அர்த்தம். பொழுது சாஞ்சா அமாவாச போயிடும், கோயிலு பக்கந்தான், ஆட்டோ புடிச்சா போயிட்டு வந்துடலாம். மொதல்ல காச வெட்டிடறேன். அப்பறம் நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி, புள்ளைய மொதோ ஆளா இந்தக் கையாலயே வாங்கப் போறேன்.

திண்டிவனம் வந்துடுச்சி. பைய இப்படிக் குடு. குடு பாப்பா, எதுக்கு அமுக்கிப் புடிச்சிக்கினு இருக்க? எறங்கணும், வண்டி எடுத்துடுவான். பேரு கீருன்னு திரும்பத் திரும்ப அதையே சொல்லாத. அந்தம்மாவுக்குத் தெரியாதா, யாரு கைன்னு?